அட்டை, மூங்கில், ட்யூப்: பிள்ளைக்கான தெரபிச் சாமான்களை வீட்டிலேயே செய்ய

போனில் ஒரு நாற்காலிப் படத்தைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி ஒன்று அடித்துக் கொடுங்கள் என்று நேரே ஆசாரியிடம் போய் நிற்பதுதான் பலரும் செய்வது. நாற்காலி பளபளவென்று வந்து சேரும். பிள்ளையை உட்கார வைத்தால் சறுக்கிக்கொண்டே கீழே வரும், இரண்டு மாதத்தில் அந்த நாற்காலியில் துவைத்த துணி மடித்து வைத்திருக்கும். ஆசாரி மேல் குற்றமில்லை. அவரிடம் படம்தான் போனது, பிள்ளையின் அளவு போகவில்லை.

அதனால் எதையும் வெட்டுவதற்கு முன்னால், ஒரு வாரம் பிள்ளையைச் சும்மா கவனியுங்கள். காலையிலிருந்து ராத்திரி வரை எந்த இடத்தில் அது திண்டாடுகிறது, எதற்கு அழுகிறது, எதைச் செய்ய ஆசைப்பட்டுக் கை எட்டாமல் விடுகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். "கைக்குப் பயிற்சி வேண்டும்" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "சோற்றைத் தானே வாய்க்குக் கொண்டுபோகப் பார்க்கிறான், பாதி வழியில் கரண்டி நழுவுகிறது" என்று எழுதினால், செய்யவேண்டிய சாமான் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. சிபி என்று சொல்கிற பெருமூளை வாதத்தில், கையைக் காலைப் பிடித்து நீட்டி மடக்கிக்கொண்டே இருப்பதைவிட, பிள்ளை செய்ய விரும்புகிற வேலையையே திரும்பத் திரும்பச் செய்யவிடுவதுதான் அதிகம் பலன் தருகிறது. தெரபி தெரிந்தவர்கள் இன்று பொதுவாக ஒத்துக்கொள்ளும் விஷயம் இது. ஆகவே ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு ஒரு சாமான் போதும்.

அப்புறம், ஒரு தடவையாவது பிசியோதெரபி படித்தவரிடம் பிள்ளையைக் காட்டிவிடுங்கள். இங்கே பர்மாவில் ரங்கூனிலும் மந்தலேயிலும் உள்ள மருத்துவத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் இதைப் படித்து வெளியே வருகிறார்கள், பெரிய ஆஸ்பத்திரிகளில் கேட்டால் ஒரு சயாமாவை (டீச்சரம்மா, டாக்டரம்மா என்பதற்குப் பர்மியச் சொல்) காட்டிவிடுவார்கள். மோல்மேன் பக்கம், பெகு பக்கம், இன்னும் உள்ளே கிராமத்தில் இருப்பவர்களுக்கு அடிக்கடி போய்வர முடியாது என்பது தெரிந்ததுதான், அதனால் போகிற ஒரு தடவையில் மூன்று கேள்விகளைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: இடுப்பு மூட்டு அதன் குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறதா? வலிப்பு வரும் பிள்ளையென்றால் எந்த நிலையில் வைக்கக்கூடாது? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் நிற்கவைக்கும் சட்டம், முதுகு வார், கால் கட்டை என்று எதையும் வீட்டில் செய்யவேண்டாம். உட்காருவது, சாப்பிடுவது, பிடிப்பது, பிடித்துக்கொண்டு நடப்பது, சொல்வது, இவற்றுக்கான சாமான்களைத் தாராளமாகச் செய்யலாம். கீழே இருப்பதெல்லாம் அவைதான்.

அட்டை நாற்காலி

அட்டையில் நாற்காலியா என்று சிரிக்கவேண்டாம். பழைய அட்டைப் பெட்டி, பழைய தாள், மாவுப் பசை, இவ்வளவை வைத்தே பெரிய ஆள் உட்காரும் அளவுக்கு உறுதியான சாமான்களைச் செய்யும் முறையை ஜிம்பாப்வேயில் பெவில் பேக்கர் என்பவர் வளர்த்தெடுத்தார், அங்கிருந்து பல நாடுகளில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு வேலை செய்பவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். மரத்தைவிட எனக்கு இது பிடிக்கக் காரணம் விலை மட்டும் அல்ல. பிள்ளை வளரும். மர நாற்காலி செய்துவிட்டால் மனசு வராமல் அதிலேயே மூன்று வருஷம் திணிப்போம், அட்டையென்றால் மறுபடி செய்துவிடுவோம்.

அளவு எடுப்பதுதான் இதில் பாதி வேலை. பிள்ளையை ஒரு முக்காலியில் உட்காரவைத்து ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, இன்னொருவர் டேப்பால் அளக்கவேண்டும். உடம்பு விறைத்துக்கொண்டு உட்காரவே மாட்டேன் என்கிற பிள்ளையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கிப் பிடித்து அளங்கள். முதலில் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை: அதில் இரண்டு விரல் அகலம் கழித்தால் இருக்கையின் ஆழம். இந்த இரண்டு விரலை விட்டுவிட்டால் பலகை முழங்கால் மடிப்பில் குத்தும், பிள்ளை அதைத் தவிர்க்க முன்னால் சறுக்கும், நீங்கள் தூக்கி வைத்துக்கொண்டே இருப்பீர்கள். முழங்கால் மடிப்பிலிருந்து உள்ளங்கால் வரை: அதுதான் இருக்கை உயரம். சாப்பாட்டு மேசைக்கு எட்டவேண்டும் என்று உயரமாகச் செய்கிறவர்கள் இருக்கைக்குக் கீழே அதே அளவில் கால்பலகை ஒன்றைக் கட்டாயம் வைக்கவேண்டும், கால் தொங்கினால் எந்த நாற்காலியும் வீண். இடுப்பு அகலம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் கூட்டி. இருக்கையிலிருந்து அக்குள் வரை: முதுகுப் பலகை அந்த உயரத்துக்காவது வரவேண்டும், கழுத்து நிற்காத பிள்ளைக்குத் தலை உச்சி வரை. கடைசியாக முழங்கையை மடக்கி வைத்து, இருக்கையிலிருந்து முழங்கை வரை: முன்னால் வரும் தட்டின் உயரம் அது.

பசை செய்வது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற மூன்று நான்கு கப் தண்ணீரில் ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருந்தால் கண்ணாடி மாதிரி மினுங்கி வரும், இறக்கி ஆறவிடுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் பழைய வழக்கத்தை மறந்துவிடுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்களும் புத்தகம் கட்டுகிறவர்களும் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். நாற்காலித் தட்டைக் கடித்து நக்குகிற பிள்ளைக்கு அது கூடவே கூடாது. நன்றாகக் காயவைத்து மேலே பூச்சுக் கொடுத்தால் பூச்சி அவ்வளவாக வராது.

ஃபிரிட்ஜ், டிவி வந்த பெரிய பெட்டிகள்தான் நல்லவை. ரங்கூனில் அனோரத்தா ரோட்டுப் பக்கம் கடைகளில் கேட்டுப் பாருங்கள், மடித்து வெளியே வைத்திருப்பார்கள். அட்டையின் உள்ளே அலை அலையாக ஓடும் வரி இருக்கிறதல்லவா, ஒரு அடுக்கில் அது நெடுக்காக ஓடினால் அடுத்த அடுக்கில் குறுக்காக வைத்து ஒட்டவேண்டும். எல்லா அடுக்கிலும் ஒரே பக்கமாக ஓடினால் எத்தனை ஒட்டினாலும் அந்த வரியிலேயே மடிந்துவிடும். முதுகுக்கும் பக்கங்களுக்கும் மூன்று நான்கு அடுக்கு, இருக்கைக்கு ஒரு அங்குலக் கனம் வரும்வரை. ஒவ்வொரு பலகையையும் சமதளத்தில் வைத்து மேலே அரிசி மூட்டையை ஏற்றி ராத்திரி முழுக்க விடுங்கள், பிறகு வெயிலில். காய்ந்தபின் பலகைகளைச் சேர்த்து, சேரும் மூலையில் எல்லாம் உள்ளும் புறமும் பசை தடவிய தாள் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். விளிம்புகளையும் அப்படியே தாளால் மூடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். நாற்காலிக்கு உறுதி கொடுப்பது இந்தப் பட்டைகள்தான், இதில் மட்டும் சோம்பல் படாதீர்கள்.

மே நடுவிலிருந்து அக்டோபர் வரை இதைத் தொடவே வேண்டாம். ரங்கூன் மழையில் அட்டை காயாது, உள்ளே பூஞ்சை பிடிக்கும், மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு அதுவே புது வியாதி. நவம்பருக்குப் பிறகு ஆரம்பித்தால் ஏப்ரலில் வரும் தண்ணீர்த் திருவிழாவுக்குள் இரண்டு நாற்காலிகூட முடிக்கலாம். முழுக்கக் காய்ந்ததா என்று தட்டிப் பாருங்கள், டொக் டொக்கென்று மரச் சத்தம் வரவேண்டும், பொத்பொத்தென்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. பெயிண்ட் வாங்கும்போது ஈயம் இல்லாதது என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வீட்டு மூலையில் கிடக்கும் பழைய எனாமல் டப்பாவை எடுத்து அடித்துவிடாதீர்கள், பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், ஈயம் மூளையைத்தான் கெடுக்கும்.

பிள்ளை உட்காருவதற்கு முன் நீங்கள் உட்காருங்கள். உங்கள் கனத்தைத் தாங்காத நாற்காலி பிள்ளை விறைத்து உதைக்கும்போதும் தாங்காது.

உட்காரும் விதம்: இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய செங்கோணத்தில் மடிந்து, பின்பக்கம் முதுகுப் பலகையோடு ஒட்டி, இரண்டு பாதமும் சமமாக ஊன்றி இருக்கவேண்டும். தொடைகள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே போகிற பிள்ளைக்கு நடுவில் முழங்கால்கள் வரும் இடத்தில் துணி சுற்றிய ஒரு சிறு தூண் வையுங்கள். அது தொடையை விலக்கி வைக்கத்தான், கவட்டையில் முட்டி நிறுத்துவதற்கு அல்ல. வார் போட்டால் வயிற்றின்மேல் போடாதீர்கள். முதுகும் இருக்கையும் சேரும் மூலையிலிருந்து சாய்வாக வந்து தொடை தொடங்கும் இடத்தில் இடுப்பைப் பிடிக்கவேண்டும். இந்த வாரைப் பார்த்ததும் அப்பத்தாக்கள், "ஏண்டி, பச்சப்புள்ளையப் போய் கட்டிப் போடுறே?" என்று சண்டைக்கு வருவார்கள். அவர்கள் முன்னாலேயே வாரை அவிழ்த்து ஒரு தடவை, போட்டு ஒரு தடவை, பிள்ளையின் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துப் பாருங்கள். இடுப்பு நிலையாக நின்றால் கை விடுதலையாகிறது, விளக்கம் சொல்லாமலே புரிந்துவிடும்.

முதல் நாள் பத்து நிமிடம் போதும். எழுப்பியபின் பின்பக்கம், முதுகெலும்பு, கணுக்கால் எல்லாம் பாருங்கள். சிவந்த தடம் இருபது நிமிடத்தில் மறையவில்லையென்றால் அந்த இடத்தில் ஃபோம் வைத்துச் சரிசெய்த பிறகுதான் மறுபடி. நாள் முழுக்க அதிலேயே உட்காரவைப்பதும் தப்பு, படுக்கவைக்கவும் தரையில் புரளவிடவும் வேண்டும்.

சாப்பாட்டுக்கு

இவை எல்லாம் அரை மணி நேர வேலை, இதிலிருந்தே ஆரம்பித்தாலும் தப்பில்லை. மெலிந்த கரண்டிக் காம்பைப் பிடிக்க முடியாதபோது அதில் சைக்கிள் ஹேண்டில் ரப்பரை மாட்டுங்கள், அல்லது பழைய ட்யூபைப் பட்டையாக வெட்டி இழுத்துச் சுற்றுங்கள். தட்டு ஓடாமல் இருக்க அதே ட்யூபில் ஒரு வட்டம் வெட்டி அடியில் வையுங்கள். விளிம்பு நேராக எழும்பி நிற்கும் பழைய பித்தளை வட்டில் வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல தெரபித் தட்டு கடையில் கிடைக்காது, சோற்றை விளிம்பில் முட்டவைத்து எடுக்கலாம். கையால் சாப்பிடுகிற நம் பிள்ளைக்குக் கரண்டிதான் வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. பருப்புச் சோற்றைக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து உருண்டையாக வைத்தால் எடுக்கவரும். ஐந்து விரலையும் குவிப்பதும் ஒரு பயிற்சிதான்.

கப் ஒன்று கட்டாயம் செய்யுங்கள். சாதாரணக் கப்பில் கடைசிச் சொட்டுவரை குடிக்கவேண்டுமென்றால் தலையைப் பின்னால் சாய்க்கவேண்டும், சாய்த்தால் விழுங்குவதில் சிக்கலுள்ள பிள்ளைக்குப் புரையேறும். மெல்லிய, வளைகிற பிளாஸ்டிக் கப்பில் ஒரு பக்க விளிம்பில் மூக்கு போகும் அளவுக்குப் பிறை வடிவில் வெட்டி எடுங்கள். வெட்டின இடம் மூக்குப் பக்கம், வெட்டாத விளிம்பு உதட்டுக்கு. கப்பை எவ்வளவு கவிழ்த்தாலும் மூக்கில் இடிக்காது, தலை நிமிர்ந்தே இருக்கும். வெட்டின விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து உங்கள் உதட்டில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வாய்க்கும் இருமல், சாப்பிட்டபின் குரல் தண்ணீர் கலந்ததுபோல் கரகரப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி, இவை இருந்தால் கப்பை மாற்றிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

கைக்கு

வெளிநாட்டில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பந்தைப் பிடிப்புக் குறைந்த பிள்ளைகளுக்கென்று விற்கிறார்கள். நம் தெருவில் பையன்கள் வட்டமாக நின்று காலால் தட்டுகிற சின்லோன் பிரம்புப் பந்து அதைவிட ஒருபடி மேல். பன்னிரண்டு ஐங்கோண ஓட்டை, கனமே இல்லை, பந்தைச் சுற்றிக் கையை விரிக்க முடியாத பிள்ளைகூட ஓட்டையில் ஒரு விரலை மாட்டித் தூக்கிவிடும், போட்டால் உருண்டு வெகுதூரம் ஓடாது. பிரம்புச் சிம்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உள்ளே சலங்கை போடுவதானால், ஓட்டை வழியாக வெளியே வராத பெரிய சலங்கையாக, கம்பியால் இறுக்கிக் கட்டிப் போடுங்கள், கம்பி முனையை உள்பக்கம் மடித்துவிடுங்கள். பார்வை குறைந்த பிள்ளைக்குச் சத்தத்தைத் தேடிப்போக இது நல்லது.

தனக்காக் கல்லை, அதாவது முகத்தில் பூசும் தனக்கா மரக்கட்டையைத் தேய்க்கிற கல்லை, மறக்காதீர்கள். ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கட்டையைத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதில் இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்கிறது, வாசனை வருகிறது, கடைசியில் கன்னத்தில் பூசிக்கொள்ளக் கையில் ஒன்று கிடைக்கிறது. ஒரு கை மட்டும் பலவீனமான பிள்ளைகளிடம் "அந்தக் கையை எடு" என்று நூறு தடவை சொல்வதற்குப் பதில் கல்லை முன்னால் வைத்துவிடலாம். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு அந்த ஈரக் குழைவு பிடிக்காது, வற்புறுத்தவேண்டாம், உலர்ந்த அரிசியில் கை அளையவிட்டுப் பாருங்கள்.

தூக்கிப் போட்டுப் பிடிக்கிற பைகளுக்குப் பழைய கைலித் துணியில் இரட்டைத் தையல் போட்டு உளுந்தோ பயறோ கால் வீசை, அதாவது 400 கிராம் அளவுக்கு அடையுங்கள். சின்னப் பிள்ளைக்கு அதில் பாதி. மழைக்காலத்தில் வண்டு விழும், பிரித்து மாற்றவேண்டும். பாரமான போர்வை போர்த்தினால் ஆட்டிசப் பிள்ளை தூங்கும் என்று சொல்கிறார்கள். அதற்குச் சான்று பலமாக இல்லை, தானே போர்வையை விலக்க முடியாத பிள்ளைக்கு அது ஆபத்து, நான் யாருக்கும் செய்து தருவதில்லை.

எதைச் செய்தாலும் சில கட்டுப்பாடுகள். கக்கூஸ் தாள் சுருளின் நடுக்குழாய் வழியாக விழுகிற எதுவும், வாயில் வைக்கும் பிள்ளையின் கைக்குப் போகக்கூடாது. தொங்கும் கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். பொத்தான் பேட்டரியும் சின்னக் காந்தமும் வீட்டுக்குள்ளேயே வேண்டாம், விழுங்கினால் உணவுக்குழாயையோ குடலையோ துளைத்துவிடும்.

நடக்க

மண் தரையோ முற்றமோ இருக்கும் வீடென்றால் இரண்டு மூங்கில் போதும். நான்கு கவட்டைக் கம்பங்களை இரண்டடி ஆழத்தில் நட்டு, அதன்மேல் மூங்கில்களை இணையாகக் கட்டுங்கள். பிடித்து நிற்கும்போது முழங்கை கொஞ்சம் மடிந்திருக்கும் உயரம், உடம்பைவிடச் சற்றே கூடுதலான இடைவெளி. கணுக்களைத் தேய்த்து, கை பிடிக்கும் இடத்தில் ட்யூப் சுற்றிவிடுங்கள். மாடி வீட்டில் இருப்பவர்கள் நடைவழிச் சுவரோடு ஒற்றை மூங்கிலைப் பொருத்தினாலும் பக்கவாட்டில் நடக்கப் பழகலாம். மூங்கில் முனையில் பிள்ளைக்குப் பிடித்த ஆள் உட்கார்ந்திருந்தால் மட்டுமே இது வேலை செய்யும்.

தூளி பற்றி ஒரு வார்த்தை. அமைதிப்படுத்த நல்லதுதான், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் அதிலிருந்து இறங்கவே மாட்டார்கள். ஆனால் கழுத்து நிற்காத பிள்ளையைத் தூளியில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள், தாடை நெஞ்சில் மடிந்தால் மூச்சு அடைக்கும். வளைந்தே கிடந்தால் இடுப்பும் முழங்காலும் அப்படியே இறுகிப்போகும்.

சொல்வதற்கு

பேச்சு வராத பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கரண்ட் போனாலும் வேலை செய்கிற சாமான் அட்டைப் பலகைதான், டேப்லட் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டு இரண்டு வருஷம் காத்திருக்காதீர்கள்.

முதலில் நிஜப் பொருள்: குளிக்கப் போகுமுன் சொம்பைக் கையில் கொடுங்கள், வெளியே போகுமுன் செருப்பை. பொருளைப் பார்த்ததும் அடுத்தது என்ன என்று பிள்ளைக்குத் தெரிய ஆரம்பித்தபின் அந்தச் சொம்பையே, அந்தச் செருப்பையே போட்டோ எடுத்து அட்டையில் ஒட்டுங்கள். கூகுளில் எடுத்த வேறு யாரோ வீட்டுச் சொம்பு வேண்டாம். கோட்டுப் படம் அதற்கும் அப்புறம். சாப்பாட்டுப் படமாகவே அடுக்காமல் "இன்னும்", "போதும்", "வேண்டாம்", "வலிக்குது", "வா" ஆகியவற்றுக்கும் படம் வையுங்கள். "வேண்டாம்" படத்தைக் காட்டினால் ஒரு தடவையாவது நீங்கள் நிஜமாகவே நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பலகை செத்த பலகை. படத்தின் கீழே தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுதுங்கள், பக்கத்து வீட்டுக்காரரும் பள்ளிக்கூட சயாமாவும் படிக்கவேண்டுமே. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும், தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளைக்கு இரண்டு மொழி கெடுதல் செய்வதாக ஆய்வுகளில் தெரியவரவில்லை. தாத்தாவோடு பேசும் மொழியைப் பறிப்பதுதான் கெடுதல்.

விரல் நீட்டமுடியாத பிள்ளைக்குக் கண் இருக்கிறது. ஓர் அட்டையின் நடுவில் உங்கள் முகம் தெரியும் அளவுக்கு ஓட்டை வெட்டி, நான்கு மூலையில் நான்கு படம் ஒட்டி, பிள்ளையின் முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு ஓட்டை வழியாகக் கண்ணைப் பாருங்கள். எந்த மூலையில் பார்வை நிற்கிறதோ அதைச் சத்தமாகச் சொல்லி, உடனே கொடுங்கள். ஆரம்பத்தில் இரண்டு படம் மட்டும், ஒன்று மிகவும் பிடித்தது, ஒன்று பிடிக்காதது. பதிலுக்குப் பத்து வினாடி வரை வாய் மூடிக் காத்திருக்கவேண்டும். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நாற்காலி அளவுகளை மறுபடி எடுத்துப் பாருங்கள். கால்பலகையைத் தாழ்த்துவதும் தட்டை உயர்த்துவதும் அட்டையில் எளிது, ஆழம் போதாமல் போனால் புதிதுதான். சின்னதாகிப்போன நாற்காலியை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்கும்போது அந்தப் பிள்ளையை உட்காரவைத்து அளந்த பிறகு கொடுங்கள். தண்ணீரில் ஊறி மெத்தென்று ஆனதை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் அடுப்புக்குப் போட்டுவிடுங்கள், பெயிண்ட் அடித்ததாக இருந்தால் அதுவும் வேண்டாம், குப்பைக்கு.